சித்தப்பாவோட சுறா

ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேமிலி குரூப்ல சித்தப்பா ஒரு வீடியோ போடுறார், கப்பல் சைஸ் சுறா ஒண்ணு வாயப் பொளந்துட்டு வருது, மெகலோடான்ங்கிற அந்தக் காலத்து ராட்சசச் சுறா இன்னும் சாகலையாம், எல்லாருக்கும் ஷேர் பண்ணணுமாம். ஏஐ வீடியோ சித்தப்பான்னேன். "அடியில என்ன இருக்குன்னு நீ போய் பாத்தியா?"ங்கிறார்.

கேள்வி என்னவோ நியாயம்தான். ஆழ்கடல் தரையில மனுஷன் கண்ணால பாத்தது 0.001 சதவீதத்துக்கும் கம்மின்னு 2025ல ஒரு ஆய்வு வந்துச்சு. பயப்பட இதுவே போதுமே, முப்பது லட்சம் வருஷத்துக்கும் முன்னாடி அழிஞ்சுபோன சுறாவ எதுக்கு எழுப்பணும்?

எனக்கு உண்மையிலயே வயித்தக் கலக்குறது 1960 ஜனவரி 23தான். ழாக் பிக்காரும் டான் வால்ஷும் ட்ரியெஸ்ட்ங்கிற கலத்துல ஒரு இரும்பு உருண்டைக்குள்ள உக்காந்து, கடல்லயே ரொம்ப ஆழமான மரியானா அகழிக்குள்ள இறங்குறாங்க, 9 கிலோமீட்டர் தாண்டினப்புறம் டமார்னு ஒரு சத்தம், கலமே ஆடுது, ஜன்னல் ஒண்ணு விரிசல் விட்டிருக்கு, அப்பவும் திரும்பாம கீழ போறாங்க பாருங்க! தரையத் தொட்டதும் சேறு கெளம்பி ஜன்னல மறைச்சிருச்சு. இருந்தது 20 நிமிஷம். அவ்ளோ தூரம் போய் பாத்தது பெரும்பாலும் கலங்கல்.

ஆனா ஆழத்துல பயம் மட்டும்தான்னு நினைக்காதீங்க. 1977ல பசிபிக் கடல்ல கலாபகஸ் தீவுகள் பக்கம் ஆல்வின்ங்கிற நீர்மூழ்கிக் கலத்துல இறங்கினவங்க பாறை ஆராய்ச்சிக்காரங்க, கப்பல்ல ஒரு உயிரியல் ஆளு கிடையாது. 2500 மீட்டர்ல வெந்நீர் ஊத்து, சுத்தி கூட்டம் கூட்டமா சிப்பி, ஆள் உயரத்துக்கு வளர்ற குழாய்ப் புழு. அந்தப் புழுவுக்கு வாயும் இல்ல வயிறும் இல்ல, அழுகின முட்டை நாத்தம் அடிக்குற ஹைட்ரஜன் சல்ஃபைட வச்சு அதுக்குள்ள இருக்குற பாக்டீரியா சோறு போடுது, வெயிலே படாத சமையல். புடிச்சத பதப்படுத்த ஃபார்மலின் பத்தாம பனாமாவுல வாங்கின ரஷ்யன் வோட்காவுல ஊறப்போட்டாங்களாம் (நம்ம ஆளுங்கன்னா வோட்கா மிஞ்சிருக்குமான்னு தெரியல).

2025 தொடக்கத்துல ஸ்பெயினோட டெனரீஃப் தீவுகிட்ட ஒரு ஆழ்கடல் ஆங்கிலர் மீன் பட்டப்பகல்ல மேல வந்துச்சு ஞாபகம் இருக்கா? ஊசிப் பல்லு, தலைல விளக்கு, ரீல்ஸ்ல பாத்தா எமன். நேர்ல உள்ளங்கைல அடங்கிடும். கொஞ்ச நேரத்துல செத்தும் போச்சு. அதுக்குத்தான் நாம இருக்குற இந்த வெளிச்சம் பேய்வீடு மாதிரி இருந்திருக்கும்.

இத்தனையும் சித்தப்பாக்கு டைப் பண்ணி அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சு அடுத்த வீடியோ, இந்த தடவை கடல்கன்னி.