ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போகும் அந்த 3 கிலோமீட்டர்

நானும் நண்பர்களும் பல ஆண்டுகளாகச் சென்றுவரும் ஏரிக்கரைப் பூங்கா ஒன்று உண்டு. நடைபாதைகள், படகுத்துறை, மர நிழலில் கூடாரம் அடிக்க இடம் என எல்லாவற்றையும் ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். ஆனால் பிரதான சாலையிலிருந்து பிரிந்து அங்கே செல்லும் 3 கிலோமீட்டர் மண் சாலை மட்டும் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. சென்ற வாரம், முதுகுத்தண்டு பாதிப்பால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம். ஏரியோரத்தில் சக்கர நாற்காலி செல்லும்படி பலகைப் பாதை ஒன்றைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்திருந்த அவர், பாதி வழியில் “போதும், திரும்பிவிடலாம்” என்றார். அந்தப் பலகைப் பாதையை அவர் பார்க்கவே இல்லை.

அவர் சற்று ஆசுவாசப்படட்டும் என்று வண்டியை நிறுத்திய இடத்தில், சாலையின் பாதி அகலத்தை அடைத்துக்கொண்டு ஒரு பள்ளம் இருந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் உடைந்த செங்கற்களைக் கொட்டி அதை நிரப்பியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இப்போது பள்ளத்துக்குள் இல்லை. சக்கரங்கள் உந்தித் தள்ளியதில் விளிம்புக்கு வெளியே இரண்டடி தூரம் வரை சிதறிக் கிடந்தன. உள்ளே கலங்கல் நீர் நின்றது. அதைச் சுற்றி, வாகனங்கள் வாரியடித்த குழைவான சேறு ஒரு வளையமாகப் படிந்திருந்தது. பள்ளம் எப்படி வளர்கிறது என்பதற்கு அந்த வளையமே சாட்சி. தேங்கிய நீரில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும், ஜல்லியைப் பிணைத்து வைத்திருக்கும் நுண்மண் நீரோடு கலந்து வெளியே தெறிக்கிறது; பிடிமானம் போன ஜல்லி அடுத்தடுத்த சக்கரங்களில் பெயர்கிறது; பள்ளம் ஆழமாவதால் அடுத்த மழையில் அங்கே இன்னும் கூடுதலாக நீர் தேங்குகிறது.

நீர் வடியாத இடத்தில் எதைக் கொட்டினாலும் நிற்காது. 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளின் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்ற ஜான் லவுடன் மெக்காடம் வலியுறுத்தியதும் இதுதான்: வண்டியின் பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள இயற்கை மண்தான், அது உலர்ந்திருக்கும் வரை தாங்கிக்கொண்டே இருக்கும், அதன்மேல் கூரைபோல் இருந்து மழைநீரை விலக்குவதே சாலையின் வேலை. நல்ல மண் சாலை ஆமை முதுகு போல நடுவில் உயர்ந்து, மீட்டருக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் வீதம் இரு ஓரங்களுக்கும் சரிய வேண்டும். (தார்ச் சாலைக்கு 2 சென்டிமீட்டரே போதும், அதன் மேற்பரப்பு நீரை எளிதில் உள்ளே விடுவதில்லை.) நான் சொல்லும் சாலையிலோ நடுப்பகுதி குழிந்து, ஓரங்களில் வரப்பு போல மண் குவிந்திருக்கிறது, பக்கத்து வாய்க்கால் சருகுகளால் தூர்ந்துபோயிருக்கிறது. பெய்யும் மழைக்குச் சாலையே வாய்க்காலாகிவிட்டது.

ஆகவே டிராக்டரில் மண் கொண்டுவந்து பள்ளங்களில் கொட்டிவிட்டுப் போவதைப் பராமரிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளத்தின் அடிமட்டம் வரை மேற்பரப்பைக் கிளறிவிட்டு, இருக்கும் ஜல்லியையும் புதிதாகச் சேர்க்கும் ஜல்லியையும் ஒன்றாகக் கலந்து, போதுமான ஈரத்தோடு ஆமை முதுகு வடிவத்தில் பரப்பி, ரோலரால் இறுக்கினால்தான் அது ஒரே உடம்பாக நிற்கும். சேர்க்கும் ஜல்லியும் முனைகள் கொண்ட உடைகல்லாக, இடைவெளிகளை அடைக்கும் நுண்பொடியோடு இருக்க வேண்டும். உருண்டையான கூழாங்கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாமல் உருண்டோடிவிடும். அதற்கும் முன்பாக ஓரத்து வரப்பை வெட்டி, வாய்க்காலைத் தூர்வாரி, நீர் குறுக்கே பாயும் இடங்களில் குழாய் பதிக்க வேண்டும்.

இந்தச் சாலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், “மோசமாக இருப்பதே நல்லது, கூட்டம் வராது, இடம் கெடாது” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஏரியின் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள் என்பதால், இதற்கு நேராகப் பதில் சொல்ல விரும்புகிறேன். கெட்ட சாலை கூட்டத்தைக் குறைப்பதைவிட, யார் வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. உயரமான நான்கு சக்கர இயக்க வாகனம் வைத்திருப்பவர் எப்படியும் வந்துவிடுகிறார்; வராமல் போவது சிறிய கார்காரர், சைக்கிளில் வருபவர், முதியவர், கர்ப்பிணி, என் நண்பர். ஏரியில் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால், ஆம்புலன்சும் இதே பள்ளங்களில் ஏறி இறங்கித்தான் வந்தாக வேண்டும். இடமும் பிழைப்பதில்லை. பள்ளத்தைத் தவிர்க்க வாகனங்கள் ஓரத்துப் புல்லிலும் செடியிலும் ஏறி இறங்குவதால் சாலை ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போகிறது. அரித்துச் செல்லப்படும் சேறு ஏரிக்குத்தான் போய்ச் சேர்கிறது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் வாகன நிறுத்துமிடத்தின் அளவை வரையறுக்கலாம், முன்பதிவு வைக்கலாம். அவை எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் விதிகள்.

கனரக வாகனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட கணக்கின்படி, அச்சின் மீதுள்ள பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது. அது தளமிட்ட சாலைகளுக்கான கணக்கு. ஆனாலும் அடிமண் நனைந்திருக்கும் நாட்களில் பாரம் ஏற்றிய லாரிகளை மண் சாலையில் அனுமதிப்பதை நிறுத்துவதற்கு அது போதுமான காரணம் என்றே கருதுகிறேன்.

நிர்வாகத்தைக் கேட்டால் வாயிலுக்கு உள்ளே மட்டுமே தங்கள் பொறுப்பு என்கிறார்கள்; சாலைக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டால், பூங்காவுக்கு மட்டுமே பயன்படும் சாலை என்பதால் முன்னுரிமை இல்லை என்கிறார்கள். பலகைப் பாதைக்குத் திட்டம் போட்ட அன்றே, அதை அடையும் வழிக்கும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்க வேண்டும் என்று இரு தரப்புக்கும் ஒரே கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அதுவரை அந்த வழியே செல்பவர்கள் மெதுவாகச் செல்லுங்கள். பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால் முன்பக்க சஸ்பென்ஷன் அடிவாங்குவது குறையும். நீர் நிற்கும் பள்ளத்தின் ஆழம் தெரியாவிட்டால், இறங்கி ஒரு குச்சியால் பார்த்துவிடுங்கள். புல்வெளியில் மட்டும் ஏற்றாதீர்கள்.

நான் கடிதத்தோடு இணைத்த படங்கள் எல்லாம் வெயில் நாளில் எடுத்தவை; அவற்றில் பள்ளங்கள் தெரிகின்றன, நீரின் வழி தெரியவில்லை. அடுத்த மழை நாளில் குடையோடு அந்த 3 கிலோமீட்டரையும் நடந்து, நீர் எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் வரப்பை வெட்டினால் வாய்க்காலுக்குப் போகும் என்று குறித்துவரப் போகிறேன். உடன் வர விரும்புபவர்கள் தெரிவியுங்கள்.