ஓர்வியேத்தோவில் இரண்டு மணி நேரம்

ஐரோப்பா போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: ஐந்து ஊர் பார்க்கிற நாட்களில் மூன்று ஊர் பாருங்கள், மிச்சமாகும் பணத்தில் ஒரு ஊருக்காவது உங்கள் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு கைடு வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவுடன் பலருக்கு முகம் வாடிவிடும். "எல்லாம்தான் செல்போனிலேயே இருக்கிறதே, கைடு எதற்குத் தண்டச்செலவு?" என்பார்கள். நானும் பல வருடம் அப்படிச் சொன்னவன்தான். இத்தாலியில் ஓர்வியேத்தோ என்ற ஒரே ஊரை இரண்டு விதமாகப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. விடுமுறைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

ரோமுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் நடுவே, உம்ப்ரியா மாநிலத்தில் இருக்கிறது ஓர்வியேத்தோ. ரயிலில் போனால் தூரத்திலேயே தெரியும். வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவில் ஒரு பாறை மேடை நாலாபுறமும் செங்குத்தாக எழுந்து நிற்கும். அதன் தலையில் ஊர். எரிமலைச் சாம்பல் இறுகி இறுகிக் கல்லான பாறை அது, 'தூஃபோ' என்கிறார்கள். ரோமானியர்கள் வருவதற்கு முன்பே எத்ருஸ்கர்கள் என்ற பழங்கால இத்தாலிய மக்கள் இங்கே நகரம் வைத்து வாழ்ந்தார்கள். கி.மு. 264இல் ரோமானியர்கள் அதை அழித்தார்கள். இடைக்காலத்தில் ஊர் மறுபடி எழுந்து, ரோமில் ஆபத்து வரும்போதெல்லாம் போப்பாண்டவர்கள் வந்து தங்கும் கோட்டையாக இருந்தது.

முதல் தடவை நான் போனது ஒரு பேக்கேஜ் பயணத்தில். பஸ் மலையடிவாரத்தில் நின்றது. கொடி பிடித்தவர் பின்னால் நாற்பது பேர் ஏறினோம். பேராலயத்தின் முன் நிறுத்தி, "ஐம்பது நிமிடம், இதே இடத்துக்குத் திரும்பிவிடுங்கள்" என்றார். அதில் பாதி நேரம் கழிப்பறை வரிசையிலேயே போனது. உள்ளே போக டிக்கெட் வேண்டும், அது பேக்கேஜில் சேரவில்லை என்று யாரோ சொன்னார்கள். அதனால் யாரும் உள்ளே போகவில்லை. முகப்புக்கு முன் நின்று படம் எடுத்தோம். 1290இல் கட்டத் தொடங்கிய ஒரு கோயிலின் கதவு வரை போய், கதவைத் தொடாமல் திரும்பினோம். அன்றைக்கு எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. அதை இப்போது நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. பார்த்துவிட்டேன் என்றல்லவா நாலு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

இரண்டாம் தடவை அம்மா, மனைவி, மகள், நான். அம்மா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக் கத்தோலிக்கர். எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். மகளுக்குப் பத்து வயது. உள்ளூர்க் கைடு ஒருவருக்கு இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பினேன். இத்தாலியில் இந்த வேலைக்குத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். கழுத்தில் அதற்கான அட்டை தொங்கும். அந்தப் பெண்மணி உடனே விலை சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார். உங்கள் அம்மா ஒரே மூச்சில் எத்தனை படி ஏறுவார்? குழந்தைக்கு இருட்டு என்றால் பயமா? ரோமில் ஏற்கெனவே எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள்? இந்த மூன்று கேள்வியை எந்தப் பேக்கேஜும் என்னிடம் கேட்டதில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து மேலே போக கயிற்றால் இழுக்கப்படும் ஒரு குட்டி ரயில் உண்டு. 1888இல் ஓடத் தொடங்கியபோது அது தண்ணீரின் எடையால் ஓடியதாம். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீர் நிரப்பினால் அந்தக் கனத்தில் அது இறங்கும். இறங்குகிற பெட்டி, கீழே நிற்கும் பெட்டியை மேலே இழுக்கும். 1970இல் நின்றுபோய், 1990இல் மின்சாரத்தில் மீண்டும் ஓடுகிறது. மேலே இறங்கிய இடத்தில் அந்தப் பெண்மணி காத்திருந்தார். முதலில் அம்மாவின் செருப்பைத்தான் பார்த்தார். "இது போதும், வழுக்காது" என்றார்.

பக்கத்திலேயே இருக்கிறது சான் பத்ரீட்சியோ கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டது. போப் ஏழாம் கிளமென்ட் மாறுவேடத்தில் தப்பி வந்து இந்தப் பாறையில்தான் ஒளிந்தார். எட்டாம் ஹென்றியின் திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி இங்கிலாந்துத் தூதர்கள் 1528இல் அவரைத் தேடி வந்ததும் இந்த ஊருக்குத்தான். எதிரி சூழ்ந்துகொண்டால் ஊர் தாகத்தில் செத்துவிடும் என்று பயந்து, கிளமென்ட் கட்டடக் கலைஞர் அந்தோனியோ த சங்காலோவை அழைத்துக் கிணறு வெட்டச் சொன்னார். 53 மீட்டர் ஆழம், 248 படிகள், 70 சன்னல்கள். 1537இல் வேலை முடிந்தபோது கிளமென்ட் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

இந்த எண்கள் எல்லாம் செல்போனிலும் கிடைக்கும். அதை ஒத்துக்கொள்கிறேன். கிடைக்காததைச் சொல்கிறேன். அம்மாவால் 248 படி முடியாது என்று அந்தப் பெண்மணிக்கு முன்பே தெரியும். அதனால் அவரை மேலே, முதல் சன்னல் ஓரத்தில் நிறுத்தி, கூடவே தானும் நின்றுகொண்டார். எங்களை மட்டும் இறங்கச் சொன்னார். கிணறு எப்படி அமைந்தது என்று ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. "அடியில் ஒரு சிறு பாலம் இருக்கும், அதைக் கடந்து ஏறி வாருங்கள்" என்றதோடு சரி. இறங்கினோம். கோவேறு கழுதைகளின் நடைக்கென்று போட்ட படிகள், அகலமாகவும் தாழ்வாகவும் இருந்தன. நடுக் குழியைச் சுற்றிப் பாதை வளைந்து வளைந்து போகும். சன்னல் வழியே பாசி படிந்த பச்சை வெளிச்சம் வரும். பாலம் தாண்டி ஏறினோம். உச்சி நெருங்கும்போது மகள் எதிர்ச் சன்னலில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஆச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஓடி ஓடிப் பார்த்தும் ஆச்சியிடம் போய்ச் சேர முடியவில்லை. கைநீட்டினால் எட்டும்போல ஆச்சி நிற்கிறார். போக வழி இல்லை. மூச்சு வாங்க நின்று குழிக்குள் எட்டிப் பார்த்தவள், "அப்பா, இரண்டு பாதை இருக்கிறது! நாம் போனது வேறு, இது வேறு!" என்றாள்.

அதேதான். ஒன்றையொன்று பின்னி, எங்கும் சந்திக்காத இரண்டு சுழல் பாதைகள். வெறும் பீப்பாயோடு இறங்கும் கழுதையும் தண்ணீரோடு ஏறும் கழுதையும் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. முன்கூட்டியே சொல்லியிருந்தால் பத்து வயதுக் குழந்தை தலையாட்டியிருக்கும், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டதால் அவளே கண்டுபிடித்தாள். எதை எப்போது சொல்லாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று அப்போதே புரிந்துவிட்டது.

பேராலயம் வரை நடக்காமல் சின்ன பஸ்ஸில் போனோம், அம்மாவுக்காக. நான் போன தடவை நின்று படமெடுத்த அதே இடத்தில் பஸ் இறக்கிவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாகக் கல் அடுக்கிய பக்கச் சுவர்கள், முகப்பில் தங்கம் மின்னும் மொசைக். அந்தப் பெண்மணி மேலே எதையும் காட்டவில்லை. இடது ஓரத்துத் தூணுக்கு அழைத்துப்போய்க் கண்ணுக்கு நேரே இருந்த புடைப்புச் சிற்பங்களைப் பார்க்கச் சொன்னார். லொரென்ட்சோ மைத்தானி என்ற சியன்னா நகரத்துக் கலைஞரின் தலைமையில் 1310க்குப் பிறகு செதுக்கியவை. நான்கு தூண்கள், உலகப் படைப்பில் தொடங்கி இறுதித் தீர்ப்பில் முடிகின்றன. கல்லில் செதுக்கிய படர்கொடி சுற்றிச் சுற்றி ஏறி ஒரு கதையை இன்னொன்றிலிருந்து பிரிக்கும்.

அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆதாம் படுத்துத் தூங்குகிறான். கடவுள் குனிந்து அவன் விலாவில் கை வைத்திருக்கிறார். அடுத்ததில் ஏவாள் எழுந்து வருகிறாள். "தூங்குகிற பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துச் செய்கிறார், பார் ஐயா" என்றார் அம்மா. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேல் வரிசையைக் காட்டினார். அங்கே சில உருவங்கள் முடிக்கப்படாமல் நிற்கின்றன. உளியின் கோடு அப்படியே இருக்கிறது. கல்லை எந்தக் கட்டத்தில் எப்படிக் குடைந்தார்கள், எப்போது மெருகேற்றினார்கள் என்பதை அந்த அரைகுறை உருவங்களிலிருந்துதான் ஆய்வாளர்கள் படித்தார்களாம். போன தடவை என் படங்களில் இவை எல்லாம் விழுந்திருக்கின்றன. திரும்பி வந்து தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட என் கண்ணில் விழுந்திருக்கவில்லை.

உள்ளே சான் பிரித்சியோ சிற்றாலயம். 1447இல் ஃப்ரா ஆஞ்செலிகோ வரையத் தொடங்கி விட்டுப்போன ஓவிய வேலையை, 1499இலிருந்து 1504 வரை லூக்கா சிஞ்ஞொரெல்லி முடித்தார். அதில், கடைசிக் காலத்தில் கிறிஸ்துபோல் நடித்து ஏமாற்ற வருவான் என்று சொல்லப்படும் அந்திக்கிறிஸ்து பிரசங்கம் செய்யும் ஒரு காட்சி. பார்த்தவுடன் இயேசு என்றுதான் நினைப்போம். அதே தாடி, அதே உடை. பின்னால் பிசாசு காதில் எதையோ சொல்லிக்கொடுக்கிறது. "அந்தக் கை யாருடையது?" என்று என் மனைவியிடம் கேட்டார் அந்தப் பெண்மணி. உடையிலிருந்து வெளியே வரும் இடது கையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போனால் அது அவன் கையா, பிசாசின் கையா என்று பிரிக்க முடியவில்லை. மனைவி அந்தச் சுவர் முன்னால் பத்து நிமிடம் நின்றாள். கும்பலோடு போயிருந்தால் பத்து நிமிடம் யார் விட்டிருப்பார்கள்?

எதிர்ப்பக்கத்துச் சிற்றாலயம்தான் அம்மா வந்ததற்கே காரணம். 1263இல் பக்கத்து ஊரான பொல்சேனாவில், பூசையில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது என்னும் நற்கருணையைச் சந்தேகித்த ஒரு குரு பூசை வைக்கும்போது அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து துணியை நனைத்தது என்பது நம்பிக்கை. அந்தத் துணி இங்கே இருக்கிறது. அடுத்த வருடம், 1264இல், இதே ஊரிலிருந்துதான் போப் நான்காம் உர்பன் நற்கருணைப் பெருவிழாவை உலகம் முழுவதற்கும் ஏற்படுத்தினார். எங்கள் ஊரில் வருடந்தோறும் தெருவெல்லாம் பூத்தூவி எடுக்கிற நற்கருணைப் பவனிக்கு ஊற்றுக்கண் இந்த மலை. அம்மா முழங்காலை மறந்து மண்டியிட்டுவிட்டார்.

எழுந்த பிறகு கேட்டார்: "இதற்காகத்தான் அந்தத் திருவிழாவை வைத்தார்களா அம்மா?"

பணம் கொடுத்து வந்திருக்கும் பக்தையான முதியவளுக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! அவர் அப்படிச் சொல்லவில்லை. "இந்த ஊர் மக்கள் பல நூற்றாண்டாக அப்படித்தான் நம்புகிறார்கள், இந்தத் துணியைப் பவனியாகத் தெருவில் எடுத்துப் போகிறோம், நானும் கூடப் போவேன். ஆனால் 1264இல் போப் எழுதிய ஆணையில் இந்த அற்புதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டையும் உங்களுக்குச் சொல்வது என் கடமை" என்றார். நான் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறைக்காமல் சொன்னாளே, நல்ல பிள்ளை" என்றார்.

இரண்டு மணி நேரம் முடிந்தது. நான்கு பேருக்கும் சேர்த்து 150 யூரோ. அந்தப் பயணத்தில் நான் கொடுத்த எந்தப் பணமும் இவ்வளவு சரியாகப் போய்ச் சேரவில்லை. தோல் பைக்கு இருநூறு யூரோ கொடுக்கிறவர்கள், வாழ்நாள் முழுக்க ஒரு ஊரைப் படித்தவரின் இரண்டு மணி நேரத்துக்கு நூறு கொடுக்கப் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்கவில்லை. தனியாகக் கொடுக்க வசதி இல்லாவிட்டால் தெரிந்த இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வரை பரவாயில்லை.

எல்லாக் கைடுகளும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. கமிஷனுக்காகக் கடை கடையாக இழுத்துப் போகிறவர்களும் உண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன் அவர் உங்களைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரை விட்டுவிடுங்கள். இன்னொன்று, எதை விட்டுவிடலாம் என்று சொல்கிறாரா என்றும் பாருங்கள். இந்தப் பாறைக்குள் 1200க்கு மேற்பட்ட குகைகள் குடைந்திருக்கிறார்கள்; அதையும் இந்த இரண்டு மணி நேரத்தில் சேர்க்கும்படி நான்தான் கேட்டேன். முடியாது என்று மறுத்துவிட்டார். "அதற்கு ஒரு காலைப்பொழுது வேண்டும், உங்கள் மகளோடு நாளைக்குப் போங்கள், அங்கே அவர்களுடைய ஆட்களே கூட்டிப்போவார்கள்" என்றார். மறுநாள் போனோம். சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சதுரப் பொந்துகள். புறா வளர்த்த அறைகள். பாறையின் விளிம்பில் ஒரு திறப்பு. புறா வெளியே பறந்து தானே இரை தேடித் தின்றுவிட்டு வரும், வீட்டுக்காரருக்கு இறைச்சி செலவில்லாமல் கிடைக்கும். பக்கத்தில் எத்ருஸ்கர்கள் வெட்டிய குறுகலான கிணறு. இறங்குவதற்கு இரண்டு பக்கச் சுவரிலும் கால் வைக்கக் குழி. இவ்வளவு குடைந்த பாறை, அதுவும் அடியில் களிமண். சரிவைத் தடுக்க 1978இல் தனியாகச் சட்டமே போட்டுப் பாறையைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காப்பாற்றிய ஊருக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கும் பயணத் திட்டத்தை இனி என்னால் மன்னிக்க முடியாது.

இந்த வருடம் நற்கருணைப் பெருவிழா அன்று அம்மாவிடம் போனில் பேசினேன். பவனி எங்கள் தெருமுனைப் பந்தலில் நின்றபோது, பக்கத்தில் இருந்த பெண்களிடம் பொல்சேனாத் துணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். போப்பின் ஆணையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாராம்.