கேட்டால் எண்ணம் வந்துவிடாது

"பிள்ளைகளிடம் தற்கொலை பற்றிக் கேட்காதீர்கள், இல்லாத எண்ணத்தை நீங்களே விதைப்பீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு. உலக சுகாதார நிறுவனமே இதைக் கட்டுக்கதை என்கிறது. அதன் இணையதளத்தில் பார்க்கலாம். திட்டாமல், நேரடியாகக் கேட்டால் பிள்ளை மனம்விட்டுப் பேச வழி கிடைக்கும்.

பிள்ளைகளின் தற்கொலைக்கு மதிப்பெண் மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல. மனச்சோர்வு, வீட்டு வன்முறை, பள்ளியில் கேலி, போதை எனப் பல சேர்ந்துதான் ஆபத்தைக் கூட்டுகின்றன. முன்பு ஒருமுறை முயன்றிருந்தால் அதுதான் பெரிய எச்சரிக்கை. அதைப் போய் 'சும்மா மிரட்டுறான்' என்று ஒதுக்கிவிடுகிறோம்!

கவலையாக இருந்தால் உடனே 14416 எண்ணில், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.