இலவசம் என்றால் எப்படியும் செய்யலாமா?

"நாதஸ்வரம்" என்று பெயர் போட்டு இணையத்தில் கிடக்கும் சவுண்ட்ஃபாண்ட் கோப்புகளை (வாத்தியத்தின் ஒலியைப் பதிந்து, கணினியில் இசை விசைப்பலகை கொண்டு வாசிக்கச் செய்யும் கோப்புகள்) இறக்கிப் பார்க்கும்போதெல்லாம் வயிறெரிகிறது. செய்தவர் ஒருதரமாவது தன் காதால் கேட்டாரா?

மின்னணு இசைக்கருவிகளுக்கெல்லாம் பொதுவாக 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 ஒலிகள். 105ஆவது சிதார், 112ஆவது ஷெனாய். நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, வீணை இல்லை. சரி, அவர்கள் போடவில்லை. நாமே செய்துகொள்ள வழியா இல்லை? வாசிக்க ஃபுளூயிட்சிந்த், சவுண்ட்ஃபாண்டைத் திருத்த போலிஃபோன். இரண்டும் திறந்த மூல மென்பொருள், என் பழைய மடிக்கணினியிலேயே ஓடுகின்றன. திருகோணமலையில் கோயில் விழாக்களுக்கு ஆடும் பிள்ளைகளுக்கு ஒத்திகை இசை செய்துகொடுக்கிறேன். ஒவ்வொரு ஒத்திகைக்கும் நாதஸ்வர, தவில் கலைஞர்களைக் கூப்பிட எந்தத் தாய் தகப்பனிடம் காசு இருக்கிறது?

போன கிழமை இறக்கியதை போலிஃபோனில் திறந்தேன். முழு விசைப்பலகைக்கும் ஒரே ஒரு ஒலித்துண்டு. அதுவும் கமகத்தோடு ஊதிப் பதிந்த துண்டு! ஒரு ஸ்தாயி மேலே போனால் துண்டு இரட்டை வேகத்தில் ஓடும், கமகமும் இரட்டை வேகத்தில் நடுங்கும். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது. மூல விசை, அதாவது துண்டு எந்தச் சுரத்தில் பதிந்தது என்று சொல்லும் எண், 60 என்று கிடக்கிறது, ஊதியதோ வேறு சுருதியில். லூப் (துண்டின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது) வைக்கவேயில்லை, சுரத்தை நீட்டிப் பிடித்தால் நடுவில் அறுந்துபோகிறது. இன்னொரு கோப்பில் லூப் இருந்தது, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்', 'டிக்'. அலையின் இரு முனையும் பொருந்துகிற இடம் பார்த்து வைத்தால் அந்தச் சத்தம் வராது. அந்தப் பொறுமைகூட இல்லையா?

கமகத்தை, வாசிக்கும்போதே சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டால் கொடுக்க வேண்டும். வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் வளையும், போதாவிட்டால் எல்லையைக் கூட்டலாம். அதற்கு அசையாமல் நேராக ஊதிய சுரம் வேண்டும். தவில் இதைவிட மோசம். மெதுவாகத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே துண்டு, சத்தம் மட்டும் கூடிக் குறைகிறது. தடி விழும் தொப்பிக்கும் விரல்கூடு விழும் வலந்தலைக்கும் வித்தியாசமே இல்லை.

குறை சொன்னால் உடனே பதில் வரும்: "இலவசம்தானே தம்பி." ஃபுளூயிட்சிந்தும் இலவசம்தானே? போலிஃபோனும் இலவசம்தானே? அவற்றைச் செய்தவர்கள் இப்படியா அரைகுறையாக விட்டார்கள்?

சரி, நானே திருத்திப் பகிரலாம் என்றால் பதிப்புரிமைக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. யார் பதிந்தது, எந்த உரிமத்தில், ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்து ஊதிய அந்தக் கலைஞரின் பெயரைக்கூடப் போடவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட ஆத்திரம்.

இனிப் பதியப்போகிறவர்கள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, நேராக ஊதச்சொல்லிப் பதியுங்கள். லூப்பைக் காதால் கேட்டுச் சரிபாருங்கள். உரிமத்தை எழுதுங்கள். ஊதியவர் பெயரை எழுதுங்கள்.