காணிப் புரோக்கர் சும்மா இருந்து கமிஷன் எடுக்கிறாரா?

"காணிப் புரோக்கருக்குக் கொடுக்கிற காசு வீண். நொத்தாரிசு உறுதி முடித்தால் போதும்" என்றொரு செய்தி மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பாதிதான் சரி.

நொத்தாரிசு, அதாவது காணி உறுதியை (உரிமைப் பத்திரத்தை) எழுதிச் சான்றுப்படுத்துபவர், கட்டாயம் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணி விற்பனை செல்லாது. காணி யார் பெயரில் இருக்கிறது என்று காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்வதும் நொத்தாரிசு பக்கத்து வேலைதான். ஆனால் பதிவேட்டில் மழைத் தண்ணீர் தெரியாது. மார்கழியில் எந்த வளவில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும், ஒழுங்கை உண்மையில் யாருடையது, வெளிநாட்டில் இருக்கிற தம்பியும் கையெழுத்து வைக்க வேண்டுமா என்பதையெல்லாம் ஊரில் அலைந்து கேட்டறிபவர் நல்ல புரோக்கர். பேரம் முறிந்தால் அவருடைய பெற்றோல் காசும் போய்விடும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் இன்னொரு சிக்கல்: அங்கே அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள் நிறைய. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அந்தக் காணிகளைத் தனியார் உறுதிக் காணி போல நினைத்தபடி விற்க முடியாது. அதை முதல் நாளே சொல்லி, "பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு வாங்க அண்ணை" என்று அனுப்புகிறவர் தன் கமிஷனையே விட்டுக்கொடுக்கிறார். அப்படிப்பட்டவர்களை எல்லோரோடும் சேர்த்துத் திட்டுவது அநியாயம்.

அதேநேரம், "நான் பொறுப்பு" என்று புரோக்கர் சொல்வது சட்டப்படி உத்தரவாதம் ஆகாது. உறுதியைப் பார்க்காமல் முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.