படிவம் அச்சடிக்க முன்னம் எங்களைக் கேளுங்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், 14 வருசமாக வேலை செய்கிறேன். ஆய்வு என்று வந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருசமானதை 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்த 2023இல் இன்னும் அதிகமாக வந்தார்கள். படிவம் நிரப்பினார்கள், போனார்கள். எதைக் கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து சொன்னது ஒரே ஒருத்திதான்.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் கிட்டத்தட்ட 32 பேர். அந்தக் கணக்கு கையில் இருப்பதால்தான் கூட்டங்களில் எங்கள் பேச்சு எடுபடுகிறது. ஆனால் ஏன் இப்படி என்று கேட்க வருகிறவர்கள், பிள்ளைகளைத் தினமும் தூக்கி வைத்திருக்கும் எங்களைக் கேட்காமலே கேள்வியை எழுதிவிடுகிறார்கள்.

ஒரு குழுவின் படிவத்தில், 'பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கிறீர்களா?' என்று இருந்தது. எல்லாத் தாய்மாரும் ஆம் என்றார்கள். பொய்யில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில், தூக்கம் கலையாத பிள்ளையின் கையில் ஒரு ரொட்டியை வைக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கடி கடித்த அந்த ரொட்டி, பிள்ளையின் கையிலேயே என்னிடம் வந்து சேரும். ஒன்பது மணிக்குப் பார்த்தால் விறைத்துப் போயிருக்கும். படிவத்தில் அது 'ஆம்'.

நான் சொன்ன அந்த ஒருத்தி ஒரு பல்கலைக்கழக மாணவி. முதல் நாளே படிவத்தை என் முன்னால் விரித்து, "அக்கா, இதுல எது சரியில்ல?" என்று கேட்டாள். ரொட்டிக் கதையைச் சொன்னேன். 'எத்தனை மணிக்கு, எவ்வளவு மிச்சம்' என்று கேள்வியை மாற்றினோம். பகலில் லயத்து வரிசை வீடுகளுக்குப் போனால் கிழவிகளும் சுகமில்லாதவர்களும்தான் இருப்பார்கள் என்றேன். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பிய பிறகு போனாள்.

அப்புறம் சில மாதம் கழித்து வந்து, எழுதியதை லயத்து வாசலில் தமிழில் வாசித்துக் காட்டினாள். ஒரு தாய் நடுவில் மறித்தாள்: "சம்பளம் போட்ட வாரத்துல வந்து கேட்டா எல்லார் வீட்லயும் முட்டை இருக்கும் தங்கச்சி. மாசக் கடைசில வந்து பாரு." அவள் மாசக் கடைசியில் மறுபடியும் வந்தாள். முட்டைக் கணக்கு மாறியது.

இப்போது ஒன்பது மணிக்கு ரொட்டியைச் சூடாக்கிப் பிய்த்து, கஞ்சியோடு நாங்களே ஊட்டுகிறோம்.

ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களிடம் கேட்கிறேன். படிவம் அச்சடிக்க முன்னம் எங்களோடு உட்கார ஒரு வாரமும், முடிந்த பிறகு திரும்பி வர பஸ் காசும் அந்தப் பணக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.