மேடையில் சிரித்தவருக்கு

கடந்த வாரம் எங்கள் பக்கத்தில் நடந்த கல்விக் கடன் முகாமின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "வாங்கும்போது இனித்தது, கட்டும்போது கசக்கிறதா?" என்று, கல்விக் கடன் தள்ளுபடி கேட்பவர்களைப் பார்த்து அந்தச் சிறப்பு விருந்தினர் சிரித்ததைவிட, கடன் கேட்டு வந்திருந்த பிள்ளைகளும் கூடச் சிரித்ததுதான் என்னை உறுத்துகிறது.

ஐயா, இனிக்கவில்லை. மன்னார்குடியை அடுத்த எங்கள் ஊரில் ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர், நிலத்தை நம்பி, 2009-இல் அப்பா என்னைப் பொறியியல் படிக்க அனுப்பினார். நான்கு லட்சம் வரையான கல்விக் கடனுக்குப் பிணை தேவையில்லை என்பது அன்றைய விதி. வங்கி மேலாளரோ நிலத்தின் சிட்டா அடங்கலைக் கொண்டுவரச் சொன்னார். வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் அந்தக் கல்வியாண்டில்தான் தொடங்கியது என்பது, வட்டி அசலோடு சேர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

2016-17இல் சம்பா கருகிக் கிடந்தபோது, வசூலுக்கு வந்த இருவர் எங்கள் திண்ணையில் அமர்ந்து தெருவுக்கே கேட்கும்படி பாக்கித் தொகையைப் படித்தார்கள். அதன்பின் பல நாள்கள் அப்பா டீக்கடைப் பக்கம் போகவில்லை.

2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க் கடன், 12,110 கோடி ரூபாய், தள்ளுபடியானது. அப்பாவின் கடனும் அதில் தீர்ந்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே வயலை நம்பி வாங்கிய என் கடன் மட்டும் ஏன் ஒழுக்கக் கேடாகிறது? பட்டம் தவறி விதைத்தவன் மேல் இரங்கும் ஊர், பட்டம் வாங்கியும் விளையாதவனைப் பார்த்து ஏன் சிரிக்கிறது?

கூட்டுறவு வங்கி மாநிலத்தின் கையில் இருக்கிறது, கல்விக் கடன் தந்த தேசிய வங்கி அதன் கையில் இல்லை என்பீர்கள். உண்மைதான். தள்ளுபடி என்றால் கருவூலத்திலிருந்து வங்கிக்குப் பணம் கட்டியாக வேண்டும். அது 2021 தேர்தல் அறிக்கையில் கல்விக் கடன் ரத்து என்று எழுதிய தி.மு.க.வுக்கும் அன்றைக்கே தெரிந்த சங்கதிதானே? முழுக்கடனையும் ஏற்க முடியாவிட்டால் வட்டியையாவது ஏற்கலாம், வங்கிகளோடு அமர்ந்து ஒரே தவணைத் தீர்வுக்காவது வழி செய்யலாம். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், முதல் பட்டதாரிச் சலுகை என்று மாணவர்களுக்கான அரசுத் திட்டங்கள் எல்லாம் நல்லவை. எல்லாமே உள்ளே நுழைகிறவர்களுக்கானவை. படித்து வெளியே வந்து கடனோடு நிற்பவனுக்கு இந்த முகாமில் ஒரு மேசைகூட இல்லை.

வரிப்பணம் என்று கத்துவோருக்கு என்னிடம் பதில் இல்லை; நாங்களும் வரி கட்டுகிறோம், அவ்வளவுதான். "ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளியா?" என்ற கேள்விதான் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் கட்டியவன் நான். அம்மாவின் சங்கிலி அடகில் மூழ்கியது. கஜா புயலில் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக நட வேண்டிய கன்றுகளின் பணமும் தவணைக்கே போனது. எனக்காக இனி எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் பட்டதை அடுத்தவனும் பட்டால்தான் நியாயம் என்று சொல்லுமளவுக்கு என் மனம் இன்னும் வறண்டுவிடவில்லை. அந்த மேடையில் சிரித்தவர் எந்தக் கடனைக் கட்டி முடித்தார் என்பதையும் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

கடன் முடிந்ததற்கு வங்கி தந்த நிலுவையின்மைச் சான்றை அம்மா கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். என் பட்டச் சான்றிதழ் பரணில் இருக்கிறது.